மொரிஸ் மைனருக்கு கியர்பொக்ஸ், டிப்ரன்சல் சாமான் தேடுறது எப்பிடி: திருமலை ஆக்களுக்கு

திருமலையில (திருகோணமலையில) பழைய கார் வச்சிருக்கிற ஆக்களுக்கு எஞ்சின் சாமான் ஒருமாதிரிக் கிடைச்சிரும், ரிங், வால்வு, கேஸ்கட் எல்லாம் யாராவது ஒராள் எடுத்து வச்சிருப்பார். கஷ்டம் வாறது எஞ்சினுக்குப் பின்னால இருக்கிற சாமானுக்குத்தான். கிளச், கியர்பொக்ஸ், புரொப்பலர் சாப்ட் (கியர்பொக்ஸில இருந்து பின்னுக்குப் போற நீளக் குழாய்), டிப்ரன்சல் (அந்தச் சுத்த ரெண்டு பின் சில்லுக்கும் பிரிச்சுக் குடுக்கிற பல்லுத் தொகுதி), பின் எக்சல், இதில ஒண்டு போனாக் கார் மாசக்கணக்கா நிக்கும், நிக்க நிக்க உப்புக்காத்து மிச்சத்தத் தின்னும், கடைசியில வீட்டுக்காரரே சலிச்சுப் போய் பழைய இரும்புக்காரருக்குக் குடுத்திருவாங்க. அப்பிடிப் போன காருகள நினைச்சா எனக்கு இப்பவும் வயிறு எரியும், ஏனெண்டா அதில பாதிக்கு மேல தேவைப்பட்டது ஒரு பெயாரிங், இல்லாட்டி ஒரு எக்சல் மட்டும்தான்.

நான் இங்க மொரிஸ் மைனர வச்சுத்தான் எழுதுறன், எனக்குக் கை பழகினது அதுதான். ஒஸ்டின், ஹில்மன், மொரிஸ் ஒக்ஸ்போர்ட் வச்சிருக்கிற ஆக்களுக்கும் தேடுற வழி இதேதான், அளவுதான் மாறும்.

முதல்ல ஒண்டு சொல்லிர்றன். கடையில போய் "மைனருக்கு இந்தச் சாமான் இருக்கா" எண்டு கேட்டா பத்துக் கடையில ஒம்பது கடை தலைய நிமித்தாமலே இல்ல எண்டுரும். அதே சாமான அளவச் சொல்லி, நம்பரச் சொல்லி, பழசக் கையில குடுத்துக் கேட்டா அதே கடைக்காரர் எழும்பி உள்ளுக்குப் போவார். கார்ட பேரச் சொல்லித் தேடாதீங்க, சாமான்ட அளவச் சொல்லித் தேடுங்க. மிச்சமெல்லாம் இதுக்குள்ளதான் அடங்கும்.

தேட முதல் என்ன போயிருக்கு எண்டு சரியாப் பாருங்க. "கியர்பொக்ஸ் சத்தம்" எண்டு சொல்லி முழு கியர்பொக்ஸ் தேடித் திரியிற ஆக்கள் கனபேர். ஒண்டு, ரெண்டு, மூண்டு கியரில ஊளைச் சத்தம் போட்டு நாலாவதுக்கு மாத்தினதும் அமைதியாகினா அது லே சாப்ட் (கியர்பொக்ஸுக்குள்ள கீழ இருக்கிற துணைச் சாப்ட்) பக்கம். நாலாவது கியரில சக்தி நேராப் போகுது, லே சாப்ட் சும்மாதான் சுத்தும், அதால சத்தம் நிக்கும். நாலாவதிலயும் சத்தம் இருந்தா பெரிய பெயாரிங்குகளப் பாருங்க. கிளச்ச மிதிக்கேக்க மட்டும் உரசுற சத்தம் வந்தா அது ரிலீஸ் பெயாரிங், மைனருக்கு அது உருளுற பெயாரிங் இல்ல, கரிக்கட்டை வளையம், தேய்ஞ்சு தேய்ஞ்சு இரும்பில முட்டும். கார் கிளம்பேக்க "டங்" எண்டு ஒரு அடி கேட்டா முதல்ல புரொப்பலர் சாப்ட் யூனிவர்சல் ஜொயின்ட்டக் கையால ஆட்டிப் பாருங்க. ஓடேக்க பின்னால இருந்து ஊளை வந்து, அக்சிலேட்டர அமத்தேக்க ஒரு மாதிரியும் விடேக்க இன்னொரு மாதிரியும் சத்தம் மாறினா டிப்ரன்சல்.

திடீரெண்டு கார் நிண்டு போய், எஞ்சின் ஓடுது, கியர் விழுது, ஆனா நகருதில்லயெண்டா ஒராள உள்ளுக்கு இருத்தி கியரப் போடச் சொல்லிப் போட்டு, பக்கத்தால தூர நிண்டு கீழ பாருங்க (சில்லுக்குக் கல்லு வச்சு, ஹேண்ட் பிரேக் போட்டு, காருக்கு அடியில மட்டும் படுக்காதீங்க). புரொப்பலர் சாப்ட் சுத்தினா எக்சல் முறிஞ்சிருக்கு, இல்லாட்டி டிப்ரன்சல் போயிருக்கு. சுத்தாட்டி கிளச் அல்லது கியர்பொக்ஸ். இந்த ரெண்டு நிமிச வேலை, தேவையில்லாத சாமானத் தேடி அலையிற அலைச்சல மிச்சப்படுத்தும்.

அடுத்தது உங்கட கார் எது எண்டு தெரியோணும். மைனர் 1948ல இருந்து 1970களின்ட தொடக்கம் வரைக்கும் வந்தது, வெளியில பாக்க எல்லாம் ஒரே முகம், உள்ளுக்கு வேற வேற. 1952க்குப் பிறகு 803 சிசி, 1956ல இருந்து 948, 1962ல இருந்து 1098. எஞ்சின் புளொக்கில அடிச்சிருக்கிற சின்னத் தகட்டில 9எம் எண்டு தொடங்கினா 948, 10எம்ஏ எண்டு தொடங்கினா 1098. ஆனா எங்கட நாட்டில அம்பது அறுவது வருசமாக் கைமாறி வந்த கார்ல தகட்ட மட்டும் நம்ப ஏலாது, 948 எஞ்சினுக்குப் பின்னால என்ன கியர்பொக்ஸ் இருக்கெண்டு ஆருக்குத் தெரியும், அதால கண்ணால பாருங்க. 948 கியர்பொக்ஸ்ட கோது (வெளிக்கூடு) வழுவழுப்பா இருக்கும், 1098ட கோதில வரிவரியா விலா எலும்பு மாதிரித் தூக்கியிருக்கும். 803க்கு நீளமான கியர்க் கம்பு, நேரா பெட்டிக்கு மேலயிருந்து எழும்பும்.

இது ஏன் முக்கியமெண்டா, கிளச் பிளேட் 803க்கும் 948க்கும் ஆறேகால் இஞ்சி, 1098க்கு ஏழேகால் இஞ்சி. மில்லிமீட்டரில கிட்டத்தட்ட 159, 184. 1098 கியர்பொக்ஸ் ஒண்டு வாய்ச்சுதெண்டு சந்தோசத்தில வாங்கி வந்து 948 எஞ்சினில பூட்டப் போனாப் பூட்டாது, அதோட பின் பிளேட், பிளைவீல், கிளச் எல்லாம் ஒரு செட்டா வரோணும். குடுக்கிறவரிட்ட அதையும் சேத்துக் கேளுங்க, பிறகு தனித்தனியாக் கிடைக்காது. ஆனா மாத்த ஏலுமெண்டா மாத்துங்க, 1098 பெட்டி பலமானது, அதுன்ட சிங்க்ரோ வளையமும் (கியர் மாத்தேக்க பல்லுகளின்ட வேகத்த ஒண்டாக்கிற பித்தளை வளையம்) நல்ல சாதி.

டிப்ரன்சலும் அப்பிடித்தான். 948க்கு உள்ளுக்கு இருக்கிற சின்னப் பல்லுச் சில்லுக்கு 9 பல்லு, பெரியதுக்கு 41, அதாவது பின் சில்லு ஒரு சுத்துச் சுத்த புரொப்பலர் சாப்ட் 4.55 சுத்து. 1098 சலூனுக்கு 9க்கு 38, அதாவது 4.22. 803க்குப் பலதில 5க்கு மேல வரும். கழட்டாமலே கண்டுபிடிக்கலாம். பின் சில்லு ரெண்டையும் தூக்கி ஸ்டாண்டில வச்சு, முன் சில்லுக்குக் கட்டை குடுத்து, கியர நியூற்றலில விட்டு, ஒரு சில்ல அசையாமப் பிடிக்கச் சொல்லிட்டு மற்றச் சில்ல சரியா ரெண்டு சுத்துச் சுத்துங்க, புரொப்பலர் சாப்ட்டில சோக்கால ஒரு கோடு போட்டு அது எத்தின சுத்து எண்டு எண்ணுங்க. நாலேகாலுக்குக் கொஞ்சம் குறைய வந்தா 4.22, நாலரையத் தாண்டினா 4.55. 4.55 இருந்த இடத்தில 4.22 போட்டாக் காருக்கு ஒண்டும் ஆகாது, நீளப் பாதையில எஞ்சின் அமைதியா ஓடும், ஹபரண காட்டுப் பாதையில போகேக்க அந்த வித்தியாசம் நல்லா விளங்கும். ஆனா ஸ்பீடோமீட்டர் குறைச்சுக் காட்டும், 60 எண்டு காட்டேக்க உண்மையில 64, 65ல போவீங்க. அத மனசில வச்சு ஓடுங்க.

இப்ப சாமானுக்கு வருவம். பழைய கார்ட கியர்பொக்ஸ அக்கக்காக் கழட்டி மேசையில வச்சா அதில இருக்கிற கனசாமான் அந்தக் காருக்கெண்டே செஞ்சதில்ல. பெயாரிங், ஒயில் சீல், யூனிவர்சல் ஜொயின்ட், சர்க்கிளிப், நட்டு போல்ட் எல்லாம் உலக அளவில வாறது. பெயாரிங்கக் கழுவித் துடைச்சு, ஓரத்தில வெளிச்சத்தச் சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க, நம்பர் தெரியும். தெரியாட்டி வேர்னியரால மூண்டு அளவு எடுங்க: உள்வட்டம், வெளிவட்டம், தடிப்பு.

இங்கதான் கனபேர் வழுக்கிறது. பிரிட்டிஷ் கார் இஞ்சி அளவு. உள்வட்டம் 25.4 மில்லிமீட்டர் வந்தா அது ஒரு இஞ்சி பெயாரிங், வெளிவட்டம் 57.15, தடிப்பு 15.88 வந்தா அது ஆர்எல்எஸ்8, பழைய இங்கிலீஷ் கொம்பனி நம்பரில எல்ஜே1. கடைக்காரர் அவசரத்தில "25தானே தம்பி" எண்டு 6205 எடுத்துத் தருவார், அது 25க்கு 52க்கு 15, சாப்ட்டிலயும் ஏறாது, கோதிலயும் ஆடும். ஏறாட்டி சாப்ட்ட அரத்தால ராவிப் போடுவம் எண்டு சொல்ற பாஸ்மாரும் (மெக்கானிக்மாரும்) இருக்காங்க, அதுக்கு மட்டும் விடாதீங்க, சாப்ட் போனாப் போனதுதான்.

இஞ்சி பெயாரிங் திருமலையில எங்க கிடைக்குமெண்டா, கார் பாட்ஸ் கடையில இல்ல, உழவு மெசின் சாமான் கடையில. தம்பலகாமம், கந்தளாய், கிண்ணியா, மூதூர் எல்லாம் வயல் பூமி, அங்க இன்னும் மசி பெர்கியூசன் 135 மாதிரிப் பழைய மெசின் ஓடுது, அதுவும் இங்கிலாந்து மெசின், அதுவும் இஞ்சி. யூஎன்எப் (இஞ்சி அளவுப்) புரி போட்ட போல்ட்டும் அங்கதான் பெட்டி பெட்டியா இருக்கும். அதால ஒயில் சீலோ பெயாரிங்கோ தேவையெண்டா டவுனில சுத்தாம முதல்ல கந்தளாய்ப் பக்கம் போங்க. கிண்ணியாவுக்கு முந்தி பாதையில (வாகனம் ஏத்துற மிதவைப் படகில) காத்து நிண்டு போகோணும், 2009ல பாலம் வந்தாப்பிறகு அரை நாளில போய்க் கடையெல்லாம் கேட்டிட்டு வந்திரலாம். பழசக் கையில கொண்டு போங்க, நானாமார்ட்ட ஆறுதலாக் கேளுங்க, "நானா, இந்த அளவுக்கு என்ன இருக்கெண்டு ஒருக்காப் பாருங்களேன்" எண்டு கேட்டா பலகைக்குப் பின்னால இருக்கிற பழைய பெட்டியெல்லாம் இழுத்துப் பாப்பாங்க. பெட்டியில எந்த வண்டிட பேர் போட்டிருந்தாலும் பரவாயில்ல, அளவு சரியெண்டாச் சரி.

சீலுக்கும் மூண்டு அளவுதான், சாப்ட், கோது, தடிப்பு. உதடு எந்தப் பக்கம் பாக்குது எண்டும் பாருங்க. யூனிவர்சல் ஜொயின்ட்டுக்குக் கோப்பைட வெளிவட்டம், எதிரெதிர்க் கோப்பை ரெண்டுக்கும் இடையில நீளம், சர்க்கிளிப் உள்ளுக்கா வெளியிலயா. இவ்வளவும் எழுதி வச்சாப் போன்லயே விசாரிக்கலாம்.

மற்றது, காருக்கெண்டே செஞ்ச சாமான்: கியர்ப் பல்லுகள், லே சாப்ட், சிங்க்ரோ வளையம், கிரவுன் வீல், பினியன் (டிப்ரன்சலுக்குள்ள இருக்கிற பெரிய பல்லுச் சில்லும் சின்னதும்), எக்சல். இதுக்கு ஒரே குடும்பத்துக் காருகளத் தெரிஞ்சு வச்சிருக்கோணும். மைனர்ட ஏ சீரிஸ் எஞ்சினும் கியர்பொக்ஸ்ட உள்சாமான் பலதும் ஒஸ்டின் ஏ35, ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட், எம்ஜி மிட்ஜெட் காருகளோட சொந்தம். டிப்ரன்சலும் ஸ்பிரைட், மிட்ஜெட்டோட ஒத்துப் போகும். இங்க அந்தக் காருகள் காணக்கிடைக்கிறது குறைவுதான், ஆனா இங்கிலாந்தில அதுக்குப் புதுச் சாமான் இன்னும் செஞ்சு விக்கிறாங்க, அதால தேடேக்க மைனர் எண்டு மட்டும் தேடாம மிட்ஜெட் எண்டும் தேடுங்க. மினியும் அதே எஞ்சின்தானே எண்டு நினைச்சு மினி கியர்பொக்ஸ வாங்கிராதீங்க, மினிக்கு கியர்பொக்ஸ் எஞ்சினுக்குக் கீழ ஒயிலுக்குள்ள இருக்கு, எங்கட காருக்கு வராது.

"ஏ40 சாமான் இருக்கு" எண்டு ஆராவது சொன்னாலும் எந்த ஏ40 எண்டு கேளுங்க. எங்கட ஆக்கள் ஏ40 எண்டு சொல்றது கூடுதலா டெவன் அல்லது சொமர்செட், 1200 சிசி, அது வேற எஞ்சின், வேற பெட்டி, மைனருக்குப் பிரயோசனமில்ல. 1958க்குப் பிறகு வந்த ஏ40 பரினா மட்டும்தான் மைனர்ட சொந்தக்காரன். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் வச்சிருக்கிற ஆக்களுக்கு இந்தியா அம்பாசடர் பெரிய உதவி. அது ஒக்ஸ்போர்ட் சீரிஸ் 3ல இருந்து வந்தது, 2014 வரைக்கும் செஞ்சவங்க, சென்னைக்குப் போற ஆக்கள் புதுப்பேட்டையிலயும் ஜி.பி. ரோட்டிலயும் தேடலாம்.

எங்க தேடுறது? வீட்டு வளவுல தொடங்குங்க. திருமலை நேவிக்காரர் இருந்த ஊர், 1957ல வெள்ளைக்காரன் தளத்தக் குடுத்திட்டுப் போகும் வரைக்கும் டொக்யார்ட்டில வேலை செஞ்ச குடும்பங்கள் கன, அப்ப வாங்கின கார், பிறகு உத்தியோகத்தில இருந்த ஆக்கள் வாங்கின கார் எண்டு உவர்மலை, பாலையூற்றுப் பக்கமெல்லாம் தகரக் கொட்டிலுக்குள்ள இன்னும் நிக்குது. போன உடன "ஐயா, இந்தக் காரக் குடுப்பீங்களா" எண்டு கேக்காதீங்க. அது அவங்கட அப்பாவோ அம்மப்பாவோ ஓடின கார், குடுக்க மனம் வராது, இல்லயெண்டு சொன்னாப் பிறகு திருப்பிக் கேக்கவும் ஏலாது. எங்கட கார் இப்பிடி நிக்குது, இன்ன சாமான்தான் இல்ல எண்டு சொல்லி, கார்ட போட்டோவக் காட்டிக் கதைச்சிட்டு வாங்க. கனபேர் கார் குடுக்காட்டியும் மூலையில கிடக்கிற டிப்ரன்சலக் குடுத்திருவாங்க, அதால இன்னொரு மைனர் ஓடுமெண்டா அவங்களுக்கும் அது சந்தோசம்தான். முழுக் காரா வாங்குறதெண்டாப் பதிவுப் புத்தகத்தோட வாங்குங்க. எஞ்சின் நம்பர் பதிவில இருக்கு, மாத்தினா மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்கோணும். கியர்பொக்ஸ், டிப்ரன்சலுக்கு அந்தக் கரைச்சல் இல்ல. ஆனா ஆரிட்ட வாங்கினாலும் கையால எழுதின ஒரு துண்டாவது வாங்கி வைங்க.

அதுக்குப் பிறகு யாழ்ப்பாணம். யுத்தத்தில எரிபொருள் தடை இருந்த காலத்தில மண்ணெண்ணெயில கார் ஓட்டின ஊர் அது, இருக்கிற சாமானத் திருப்பித் திருப்பித் திருத்திப் பழகின கைகள் அங்க இருக்கு, சாமான் இல்லாட்டியும் வேலை தெரிஞ்ச வயசான பாஸ் ஒராளக் கண்டுபிடிச்சாலே போதும்.

கொழும்பில பஞ்சிகாவத்தை. இரவு ரயிலில ஏறினா விடியக் கொழும்பில இறங்கலாம், மருதானையில இருந்து கிட்ட. போயா நாள்ல போகாதீங்க, வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆவுக்குப் பல கடை பூட்டுவாங்க. முன் வரிசைக் கடையெல்லாம் ஜப்பான் சாமான்தான், பழைய இங்கிலீஷ் சாமான் உள் ஒழுங்கையில இருக்கும், ஒரு கடையில இல்லாட்டி "வேற ஆரிட்ட இருக்கும் அண்ணே" எண்டு கேட்டிட்டே நடவுங்க. போகமுதல் வட்ஸ்அப்பில போட்டோ அனுப்பேக்க சாமானுக்குப் பக்கத்தில ஒரு அடிமட்டத்த வச்சு எடுங்க, இல்லாட்டி அளவு விளங்காது.

பழைய சாமான் வாங்கேக்க பாக்கிறது இப்பிடி. கியர்பொக்ஸெண்டா மேல் மூடியக் கழட்ட விடாதவரிட்ட வாங்காதீங்க. கழட்டி ரோர்ச் அடிச்சு ஒவ்வொரு பல்லாப் பாருங்க. முதலாம் கியருக்கும் ரிவர்சுக்கும் பல்லு நுனி கொஞ்சம் தேஞ்சிருக்கும், மைனருக்கு முதலாவதுக்கு சிங்க்ரோ இல்ல, அதால அது வழமை. ஆனா பல்லுட முகத்தில சின்னச் சின்னக் குழி விழுந்து தோல் உரிஞ்ச மாதிரி இருந்தா வேணாம், மேல்பதம் போயிட்டு. அடியில இருக்கிற ஒயில விரலால தொட்டுத் தேச்சுப் பாருங்க, மஞ்சள் மினுக்கம் பித்தளை, சிங்க்ரோ தேயுது எண்டு அர்த்தம். வெள்ளி நிறத்தில துண்டு துண்டா வந்தா பெயாரிங்கோ பல்லோ உடைஞ்சிருக்கு. தண்ணி கலந்து பால் தேத்தண்ணி நிறத்தில இருந்தா உள்ளுக்குத் துரு பிடிச்சிருக்கும், வெள்ளத்திலயோ கடல் தண்ணியிலயோ நிண்ட கார்.

டிப்ரன்சலெண்டா முழு உருண்டையா வாங்குங்க. கிரவுன் வீலும் பினியனும் சோடி, ஒண்டோட ஒண்டு உரசிப் பொருத்தினது, ஒரு கார்ட கிரவுன் வீலையும் இன்னொரு கார்ட பினியனையும் சேத்தா ஊளையிட்டே சாகும். எக்சல் சாப்ட்டெண்டா உள்நுனியில இருக்கிற வரிகளப் பாருங்க, நேரா இருக்கோணும், கொஞ்சமெண்டாலும் முறுகியிருந்தா அது முறிய நாள் எண்ணுது.

கிடைக்கவே கிடைக்காட்டி லேத். திருமலையில போட் சாப்ட் வேலை செஞ்சு கைதேர்ந்த லேத் பாஸ்மார் இருக்காங்க. புஷ் கடைஞ்சு தருவாங்க, சீல் தேய்ச்ச இடத்துக்கு ஸ்லீவ் ஏத்துவாங்க, கோதுல ஆடுற பெயாரிங்குக்கு வளையம் போடுவாங்க, எல்லாம் நம்பிச் செய்யலாம். கிளச் பிளேட்டுக்குப் புது லைனிங் அடிக்கலாம், ஆனா நடு ஸ்பிரிங் ஆடினா அந்தப் பிளேட்ட விட்டிருங்க. கியர்ப் பல்லுக்கு வெல்டிங் வச்சு ராவுற வேலை மட்டும் வேணாம், சூட்டில பதம் போயிரும், உடைஞ்ச துண்டு மற்றப் பல்லையும் கொண்டு போகும். எக்சல் கடையிறதெண்டா இஎன்24 மாதிரி உருக்கு வேணும், கடைஞ்சாப்பிறகு சூடுபோட்டுப் பதப்படுத்தோணும், சாதாரண இரும்புக் கம்பியில செஞ்சது கந்தளாய் தாண்ட முதலே முறுகும்.

வெளிநாட்டில எடுக்கிறதெண்டா பாரத்தப் பாருங்க. சிங்க்ரோ வளையம், சீல், கரிக்கட்டை ரிலீஸ் பெயாரிங், லே சாப்ட், ஊசி பெயாரிங் எல்லாம் லண்டனில இருந்து வாற சித்தப்பாட பையில வந்திரும். ஒயில் இல்லாமக் கழுவித் துடைச்சு, பில்லோட வைக்கச் சொல்லுங்க, ஒயில் மணம் அடிச்சா எயார்போட்டில எடுத்திருவாங்க. ஒரேயடியா ஒரு செட்டா எடுங்க, பெட்டியத் திறந்தாப்பிறகு அந்த ஒரு வளையத்துக்காகத் திருப்பி ஆறு மாசம் நிக்கக் கூடாது. முழு கியர்பொக்ஸையோ டிப்ரன்சலையோ அங்க இருந்து எடுக்கிறது கூலிக்கே காசு போயிரும், அது ஊருக்குள்ள தேடுற சாமான்.

பழசு எதையும் எறிஞ்சிராதீங்க. உடைஞ்சதுதான் அடுத்தமுறைக்கு அளவு. கிறீஸ் பூசி, பொலித்தீனில சுத்தி, எந்தக் கார், எந்த இடம், என்ன அளவு எண்டு எழுதி வைங்க. எங்கட காத்துக்குப் பூசாம வச்சா ஒரு மாரிக்கே துரு ஏறும்.

பூட்டி முடிஞ்சாப்பிறகு ஒயில். மைனர் கியர்பொக்ஸுக்கு எஞ்சின் ஒயில்தான், 20டபிள்யூ50 காணும். கியர் ஒயில் எண்டு பேர் இருக்கெண்டு ஜிஎல்5 விட்டாப் பித்தளை வளையத்தத் தின்னும், நீங்க அலைஞ்சு தேடின சிங்க்ரோ அதாலயே போகும். டிப்ரன்சலுக்கு மட்டும் 90 ஹைபொயிட் கியர் ஒயில். முதல் சில நூறு மைல் ஓடினாப்பிறகு ரெண்டையும் வடிச்சு, வடிஞ்ச ஒயிலுக்குள்ள ஒரு காந்தத்த விட்டுப் பாருங்க. சாம்பல் மாதிரி மெல்லிசாப் படிஞ்சா அது புதுச்சாமான் பழகின தூள், புது ஒயில விட்டிட்டு ஓடுங்க. துண்டு துண்டா ஒட்டினா ஓடாதீங்க, அண்டைக்கே திறவுங்க.